காட்டுநாய் எங்கே? தடமும் பீப் ஒலியும் புள்ளியும் சொல்வது என்ன

"கழுத்துல ஜி.பி.எஸ். மாட்டியாச்சுன்னா அப்புறம் என்ன கஷ்டம்? போனைப் பார்த்துக்கிட்டே போய் நிக்கலாமே!" ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. வேறு சிலரோ, மண்ணில் ஒரு காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு "அதோ அந்த மரத்தடியில் படுத்திருக்கு" என்று சொல்லும் மாயக்காரர்கள் அங்கே இருப்பதாக நம்புகிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் குழப்பம்.

போட்ஸ்வானா நாட்டின் வடக்கே, ஒகவாங்கோ கழிமுகப் பகுதியில், காட்டுநாய்களைக் கிட்டத்தட்ட 1989-லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே பயன்படும் முறைகளை வைத்தே இதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், எந்த நாய்?

நாட்டு நாய் காட்டுக்குள் ஓடிப்போய்க் காட்டுநாய் ஆகிவிடவில்லை. இது தனி இனம். நாய்க் குடும்பம்தான், ஆனால் தெருநாயோடு கலந்து குட்டி போடாத அளவுக்கு விலகிப்போன உறவு. நம் முதுமலை, ஆனைமலைக் காடுகளில் இருக்கும் செந்நாயும் இது இல்லை. 1820-இல் முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டிய டச்சுக்காரர் டெம்மிங்க், இதைக் கழுதைப்புலி வகை என்றே நினைத்துவிட்டார். பெரிய வட்டக் காதுகளையும் ஒல்லியான நீளக் கால்களையும் பார்த்தால் அவர்மேல் கோபப்பட முடியாது.

எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ. கருப்பு, வெள்ளை, மஞ்சள் கலந்து தூரிகையை உதறியதுபோல் உடம்பெல்லாம் திட்டுகள். வால் நுனி வெள்ளை. கூட்டமாக வாழும். பொதுவாக ஒரு தலைமை ஜோடிதான் குட்டி போடும், மற்றவை வளர்க்க உதவும். ஆப்பிரிக்கா முழுவதிலும் சேர்த்து சுமார் 6,600 வளர்ந்த நாய்கள் இருக்கலாம் என்று 2012-இல் கணக்கிட்டார்கள்.

தேடுகிறவர்களுக்குத் தலைவலி, அவை நடமாடும் பரப்பு. ஒரு கூட்டம் வழக்கமாகச் சுற்றிவரும் நிலத்தை 'வாழிட எல்லை' என்பார்கள். காட்டுநாய்க்கு அது பல நூறு சதுர கிலோமீட்டர், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல். சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கிலோமீட்டர்தான். அவ்வளவு பெரிய இடத்தில், தெருப்பெயரும் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு நாய்களைத் தேட வேண்டும். அவையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

கோலமும் காலடித் தடமும்

விடிகாலையில் வாசலில் போட்ட அரிசிமாவுக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குப் பார்த்தால் கோடுகள் கூர்மையாக இருக்கும். பத்து மணிக்கு எறும்பு மொய்த்து ஓரம் கலைந்திருக்கும். மதியத்துக்குள் பால்காரர் சைக்கிள் ஒரு கோட்டை இழுத்துப் போயிருக்கும். யார் எப்போது போட்டார்கள் என்று யாரும் சொல்லாவிட்டாலும், கோலத்தைப் பார்த்தே நேரத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

தடம் பார்ப்பதும் இதேதான். ஒகவாங்கோவைச் சுற்றிக் கலஹாரிப் பாலைவனத்தின் மென்மணல். நாயின் தடத்தில் நான்கு விரல்களும் நகக் குறிகளும் பதியும். சிறுத்தையும் சிங்கமும் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அவற்றின் தடத்தில் நகம் தெரியாது. கழுதைப்புலிக்கு நகம் தெரியும், ஆனால் தடம் பெரிது, முன்கால் பின்காலைவிட எடுப்பாகப் பெரிது. தனியாக ஒரே ஒரு தடத்தை வைத்துக் காட்டுநாயா, பக்கத்துக் கிராமத்து நாயா என்று பிரிப்பது கைதேர்ந்தவருக்கும் கடினம். அதனால் அவர்கள் ஒரு தடத்தைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைப் பார்க்கிறார்கள். பத்துத் தடவரிசைகள் ஒரே திசையில், ஒரே சீரான ஓட்டநடையில், வண்டிப்பாதையை ஒட்டியே போகின்றனவா? நடுநடுவே துரத்தி விளையாடிய கீறல்கள் உண்டா? அப்படியானால் காட்டுநாய்தான்.

நேரத்தைச் சொல்வது ஓரங்கள். புதுத் தடத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். காற்றடித்தால் மணல் துகள் உள்ளே சரியும். இரவில் வண்டு ஊர்ந்த கோடு தடத்தின் மேலே போயிருந்தால் நாய் அதற்கு முன்பே போய்விட்டது. தடம் வண்டின் கோட்டை மிதித்திருந்தால் நாய் பிந்தி வந்தது. சூரியன் சாய்ந்திருக்கும் காலையில்தான் இதெல்லாம் தெரியும். உச்சிவெயிலில் நிழல் விழாததால் தடமே தட்டையாகிக் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சரி, தடம் கிடைத்துவிட்டது, பின்னாலேயே போனால் பிடித்துவிடலாமா? நாய்கள் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் அலுக்காமல் ஓட்டநடையாகப் போகக்கூடியவை. தடம் இரண்டு மணி நேரம் பழையது என்றால், நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் அவை இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். பக்கத்துப் புதரிலேயே தூங்கிக்கொண்டும் இருக்கலாம். தடம் அதைச் சொல்லாது.

மாட்டு மணியும் ரேடியோ பட்டையும்

மேய்ச்சலுக்குப் போன மாடு பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. தேடிப் போகிறவர் வழியில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார். தூரத்தில் கழுத்து மணி கேட்கும். மாடு இந்தப் பக்கம்தான், கொஞ்சம் தொலைவில், இப்போது அசைந்துகொண்டிருக்கிறது. அவ்வளவும் தெரியும். எந்த மரத்தடியில் என்று மட்டும் தெரியாது.

ரேடியோ கழுத்துப்பட்டை என்பது காதுக்குக் கேட்காத மாட்டு மணி. பட்டையில் இருக்கும் சின்னக் கருவி ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை ரேடியோத் துடிப்பு ஒன்றை அனுப்பும். நம் எஃப்.எம். வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தப் பட்டைகள் அதற்குச் சற்று மேலே, பெரும்பாலும் 150-ஐ ஒட்டிய அலைவரிசையில் பேசும். இந்த வகைக்கு வி.எச்.எஃப். பட்டை என்று பெயர். ஒவ்வொரு பட்டைக்கும் தனி அலைவரிசை என்பதால், நிலையம் மாற்றுவதுபோல் திருப்பித் திருப்பி எந்த நாய் என்று பிரித்துக் கேட்கலாம். கையில் இருக்கும் ரிசீவர் பெட்டியில் அது "பீப்... பீப்..." என்று ஒலிக்கும்.

திசையைக் கண்டுபிடிக்கும் ஆன்டெனாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் நின்ற மீன்முள் ஆன்டெனா இருந்ததே, அதன் குட்டித் தம்பிதான் இது. அண்ணன் மாடியில் ஏறித் திருப்ப, கீழே இருந்து தங்கை "தெரியுது... தெரியுது... ஐயோ போச்சு" என்று கத்துவாள். அதே வேலைதான். சுற்றித் திருப்பும்போது எந்தப் பக்கம் பீப் மிகப் பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் நாய்.

ஒரே இடத்தில் நின்றால் திசை மட்டும்தான் கிடைக்கும். அதனால் வரைபடத்தில் அந்தத் திசைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளி வேறோர் இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்பார்கள். இரண்டாவது கோடு முதல் கோட்டை வெட்டும் இடத்தில் நாய் இருக்க வேண்டும். இதற்கு 'முக்கோண முறை' என்று பெயர். இதிலும் வில்லங்கம் உண்டு. இடம் மாற்றி நிற்பதற்குள் நாய் நகர்ந்திருக்கும். ஆன்டெனாவுக்குப் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும் என்பதால், புதிதாகப் பழகுகிறவர் நேர் எதிர்த் திசையில் போய் ஏமாந்து திரும்புவதும் நடக்கும்.

தரையில் நின்று கேட்டால் சில கிலோமீட்டருக்குத்தான் எட்டும். மரமும் மேடும் அலையை மறைக்கும். வண்டிக் கூரைமேல் ஏறினால் கொஞ்சம் கூடும், கறையான் புற்றின் உச்சியில் நின்றால் இன்னும் கூடும். ஒகவாங்கோவின் புற்றுகள் ஆளைவிட உயரம், பெரும்பாலும் சமதரையான அந்த ஊரில் அவைதான் மலை. எதுவும் கேட்கவில்லை என்றால் சிறிய விமானத்தில் பறந்து தேடுவார்கள். மேலே போனால் அதே பட்டை பல மடங்கு தொலைவுக்குக் கேட்கும்.

பல பட்டைகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பல மணி நேரம் அசைவே இல்லையென்றால் பீப் வேகமாக அடிக்கத் தொடங்கும். சுருக்குக் கம்பியில் மாட்டியிருக்கலாம், சிங்கம் கொன்றிருக்கலாம், பட்டை கழன்றும் விழுந்திருக்கலாம். அந்த வேகமான பீப்பைக் கேட்க யாருக்கும் பிடிக்காது.

ஜி.பி.எஸ். என்னும் 'லாஸ்ட் சீன்'

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். செயற்கைக்கோள் மேலிருந்து நாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு நாய் இருப்பதே தெரியாது. பல செயற்கைக்கோள்கள் நேரக்குறிப்போடு ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. பட்டை அதைக் கேட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பதை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டு எழுதிக்கொள்கிறது. எழுதிய குறிப்பை நமக்கு அனுப்புவது தனி வேலை. அதற்கு வேறொரு செயற்கைக்கோள் தொடர்பு வேண்டும், இல்லையென்றால் யாராவது கிட்டே போய் ரேடியோ வழியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கும் மின்சாரம், அனுப்புவதற்கும் மின்சாரம். பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடும். விலங்கின் எடையில் 3 விழுக்காட்டைப் பட்டை தாண்டக்கூடாது என்பது பலர் கடைப்பிடிக்கும் வரம்பு. 25 கிலோ நாய்க்கு அது முக்கால் கிலோ, நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே வைக்கிறார்கள். காட்டில் சார்ஜர் கிடையாது. ஆகவே வருடக்கணக்கில் தாங்க வேண்டும் என்றால் பட்டையை ஒரு நாளைக்குச் சில முறை மட்டும் விழிக்கவிட்டு, மற்ற நேரம் தூங்கவிட வேண்டும்.

விளைவு, திரையில் தெரியும் புள்ளி வாட்ஸ்அப்பின் 'லாஸ்ட் சீன்' மாதிரி. காலை ஆறு மணிக்கு இங்கே இருந்தது என்பது சில மீட்டர் துல்லியத்தில் உண்மை. நீங்கள் பத்து மணிக்கு அங்கே போய் நின்றால் மிதிபட்ட புல்லும் எச்சமும் இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். தடம் இடத்தைக் காட்டும், நேரத்தைத் தோராயமாகச் சொல்லும், அதுவும் கடந்துபோன நேரம். ஜி.பி.எஸ். இடம், நேரம் இரண்டையும் துல்லியமாகச் சொல்லும், ஆனால் அதுவும் கடந்ததுதான். ரேடியோ பீப் மட்டுமே 'இப்போது' என்று சொல்லும், அதற்குத் திசைதான் தெரியும், இடம் தெரியாது. "இப்போது சரியாக எங்கே" என்று ஒரே மூச்சில் சொல்லும் கருவி தேடுகிறவர் கையில் பெரும்பாலும் கிடையாது. மூன்றையும் முடிச்சுப் போடுவது மனிதர் வேலை.

இது எந்த நாய்? தோலே அடையாள அட்டை

கண்டுபிடித்த பிறகு அடுத்த கேள்வி, நேற்றுப் பார்த்த அதே நாயா இது? காட்டுநாய் விஷயத்தில் இயற்கை தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது. எந்த இரண்டு நாய்க்கும் திட்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே நாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. அதனால் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், வருடங்கள் கழித்துப் பார்த்தாலும் ஆளைச் சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1980-களின் கடைசியிலிருந்தே சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களைத் திரட்டி, திட்டுகளை ஒப்பிட்டு நாய்களை எண்ணும் வழக்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து பொழுதுபோக்குப் புகைப்படம் இவ்வளவு உருப்படியாகப் பயன்பட்ட இடங்கள் குறைவு.

நம் செந்நாய்க்கு இந்த வசதி இல்லை. எல்லாமே ஒரே செம்பழுப்பு. தானியங்கிக் கேமராவில் பத்துப் படம் விழுந்தால் பத்து நாயா, ஒரே நாய் பத்து முறை வந்ததா என்று சொல்வது பெரும்பாடு. அதனால் வயநாட்டில் காட்டில் கிடக்கும் எச்சத்தைப் பொறுக்கி, அதில் ஒட்டியிருக்கும் குடல் செல்களின் டி.என்.ஏ.வைப் படித்து எண்ணினார்கள். டி.என்.ஏ. என்பது ஒவ்வொரு உயிரின் செல்லுக்குள்ளும் இருக்கும் பிறவிக் குறிப்பு. திட்டு இல்லாத விலங்குக்கு அதுதான் திட்டு.

பட்டை மாட்டுவதே கேடா?

கால்நடை மருத்துவர் வண்டியிலிருந்து மயக்க ஊசி சுட்டு, நாய் படுத்தபின் பட்டை மாட்டுவார். கூட்டம் சேர்ந்தே திரியும் என்பதால் எல்லா நாய்க்கும் தேவையில்லை, கூட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

இதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1991-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஆய்வில் இருந்த காட்டுநாய்க் கூட்டங்கள் எல்லாம் மறைந்துபோயின. அந்தப் பகுதியில் அப்போது வெறிநோய் பரவியிருந்தது. ஆய்வாளர்கள் பிடித்து ஊசி போட்டதால் உண்டான அழுத்தமே நாய்களின் நோயெதிர்ப்பைக் குலைத்தது என்று ஒரு தரப்பு வாதிட்டது. அதன்பின் வேறு காடுகளில் பட்டை மாட்டிய நாய்களும் மாட்டாத நாய்களும் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தன என்று ஒப்பிட்டார்கள். எச்சத்தில் அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்றும் அளந்தார்கள். பட்டையால் கேடு என்பதற்கு அவற்றில் ஆதரவு கிடைக்கவில்லை. என்றாலும் அந்தச் சண்டை வீண்போகவில்லை என்பது என் எண்ணம். தேவையில்லாமல் மாட்டக்கூடாது என்ற கவனம் அதற்குப் பின் கூடியது.

பட்டையே உயிர் காத்ததும் உண்டு. இறைச்சிக்காக வைக்கும் கம்பிச் சுருக்கு கழுத்தை அறுக்காமல் தடுக்க, வெளிப்புறம் உலோகக் குமிழ்கள் பதித்த பட்டைகளை ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பகுதியில் பயன்படுத்துகிறார்கள்.

புள்ளிகள் ஓரிடத்தில் குவியும் மாதங்கள்

வருடத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் மட்டும் இந்த ஓடுகாலிகளுக்கு விலாசம் உண்டு. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் குளிர்காலமான மே முதல் ஆகஸ்டு வரையிலான காலத்தில் குட்டி போடும். கறையான் தின்னும் ஆர்ட்வார்க் தோண்டிவிட்டுப் போன பழைய வளைதான் பிரசவ அறை. ஒரே ஈற்றில் பத்துக் குட்டிகள் சாதாரணம். தாய் குட்டிகளோடு தங்க, மற்றவை வேட்டையாடித் தின்று திரும்பி வந்து இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும்.

வரைபடத்தில் இது பளிச்சென்று தெரியும். அதுவரை நாற்புறமும் சிதறிக் கிடந்த புள்ளிகள் தினமும் ஒரே இடத்துக்குத் திரும்பத் தொடங்கினால் அங்கே வளை இருக்கிறது. யாரும் வளைக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை, எட்டிப் பார்க்கவும் கூடாது. முதல் மூன்று வாரம் குட்டிகள் வெளியே வராது. கலவரப்படுத்தினால் பெரியவை குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு வளைக்குப் போய்விடலாம். அந்த இடமாற்றத்தில் குட்டிகள் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அகப்படும் ஆபத்து உண்டு.

ஒரு நாள் தேடல் எப்படி நடக்கும்

விடியலுக்கு முன்பே கிளம்புவார்கள். முந்தைய இரவின் கடைசிப் புள்ளியைப் பார்த்து, அந்தப் பகுதிக்குப் போகும் மணல்பாதையில் மெதுவாக வண்டியை ஓட்டி, தடம் குறுக்கிடுகிறதா என்று பார்ப்பார்கள். கிடைத்தால் எந்தப் பக்கம் போயின என்பது உறுதியாகும். பிறகு புற்றின் மேலேறி ஆன்டெனாவைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்டால் கிட்டே போக வேண்டும். கிட்டே போகப் போக எல்லாத் திசையிலும் பீப் பலமாகிவிடும். ரிசீவரின் உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வந்தால்தான் மறுபடி திசை பிரியும். கேட்காவிட்டால், அடுத்த புற்று.

முறையாகப் பார்த்தால் தேடுகிறவருக்கு உதவுவது நாய்களின் சோம்பல்தான். காலையும் மாலையும், நிலவிருந்தால் இரவிலும் வேட்டையாடும். நடுப்பகலில் நிழலில் ஒன்றன்மேல் ஒன்று கால்போட்டுத் தூங்கும்! எங்கும் போகாத அந்தச் சில மணி நேரத்தில்தான் 'கடந்துபோனது'ம் 'இப்போது'ம் ஒன்றாகும். அப்போது போய்ச் சேர்ந்தால் மாலை வரை பக்கத்தில் காத்திருக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறிக்கும், இன்னொன்றின் வாயை முகரும். பிறகு எல்லாம் சேர்ந்து பறவைக் கூட்டம்போலக் கீச்சிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். நடுநடுவே தும்மும். இந்தத் தும்மலை ஒகவாங்கோவில் எண்ணிப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. தும்மல் கூடக் கூட, கூட்டம் உண்மையிலேயே கிளம்பும் வாய்ப்பும் கூடியது. தலைமை ஜோடி கிளப்பினால் மூன்று தும்மல் அளவுக்கே போதுமாக இருந்தது, சாதாரண உறுப்பினர் கிளப்பினால் பத்துப் போல வேண்டியிருந்தது. ஓட்டெடுப்பு என்று செய்தித்தாள்கள் எழுதின. எல்லார் ஓட்டுக்கும் ஒரே மதிப்பில்லாத ஓட்டெடுப்பு.

கிளம்பிய பிறகு, மோபானி மரக்காட்டுக்குள் வண்டியில் துரத்துவது ஆகாத காரியம். இரண்டு நிமிடத்தில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. இதனாலேயே வேட்டையைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் திறந்த புல்வெளியில் பார்த்தவர்கள் சொன்னவை. கிலோமீட்டர் கணக்கில் அணிவகுத்துத் துரத்தும், பத்தில் எட்டு வேட்டை வெற்றி என்பதெல்லாம் அப்படி வந்ததுதான். வட போட்ஸ்வானாவில் ஒரு கூட்டத்தின் ஆறு வளர்ந்த நாய்களுக்கும் அசைவைக்கூட அளக்கும் நுட்பமான பட்டைகளை மாட்டி, 1,119 துரத்தல்களைப் பதிவுசெய்து 2016-இல் வெளியிட்டபோது வேறு படம் வந்தது. மரக்காட்டில் துரத்தல்கள் குறுகியவை. பெரும்பாலும் ஒவ்வொரு நாயும் தனித்தனியே, கிடைத்ததைத் துரத்தியது. தனி நாயின் ஒரு துரத்தல் வெற்றி பெறும் வாய்ப்பு 15.5 விழுக்காடுதான்.

ஆறும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன, ஏதாவது ஒன்று இம்பாலா மானைப் பிடித்துவிட்டால் மற்றவையும் வந்து தின்கின்றன. கணக்கு அப்படித்தான் சரியாகிறது. பிரிந்துபோனவை ஒன்றையொன்று தேடும்போது தலையைத் தாழ்த்தி "ஹூ... ஹூ..." என்று கூப்பிடும். அந்தக் குரல் சில கிலோமீட்டர் போகும். ஆன்டெனாவோடு வண்டியில் இருப்பவர் காதிலும் விழும், ரிசீவரை அணைத்துவிட்டுக் கேட்டால்.